வெங்கீஸ் நல்ல ஓனரா, கெட்ட ஓனரா? பிளாக்பர்ன் ரோவர்ஸ் பற்றி ஒரு விவாதம்

திருவாரூர்_9 | 3.6.2025
நேரா கேக்குறேன். 15 வருஷமா புனேல இருக்கற நம்ம நாட்டு கோழிக் கம்பெனி வெங்கீஸ், இங்கிலாந்து கால்பந்து கிளப் பிளாக்பர்ன் ரோவர்ஸ வச்சிருக்கு. முதல் அடுக்கு பிரீமியர் லீக்ல வாங்குனாங்க, இப்ப ரெண்டாவது அடுக்கு சாம்பியன்ஷிப்ல நிக்குது. இந்த சீசன் 66 பாயிண்ட், ஏழாவது இடம். ஆறாவதா வந்த பிரிஸ்டல் சிட்டி 68. ரெண்டு பாயிண்ட்ல பிளேஆஃப் (மேல ஏறுறதுக்கான கூடுதல் ஆட்டம்) போச்சு. ஓனரு காசு போடலன்னு பாதி பேரு திட்டுறாங்க, அவங்க இல்லன்னா கிளப்பே இருக்காதுன்னு பாதி பேரு சொல்றாங்க. எது சரி?

குடந்தை_ரோவர் | 3.6.2025
இரண்டு பேச்சும் பணத்தைப் பற்றியே இருக்கிறது. பணம் ஒரு கணக்கு, நிர்வாகம் இன்னொரு கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்தச் சண்டை தீராது.

முதலில் பணம். 2010 நவம்பரில் வாக்கர் குடும்ப அறக்கட்டளையிடமிருந்து 23 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார்கள். அதன்பின் போட்டது 200 மில்லியனுக்கு மேல். அதில் பெரும்பகுதி பங்காக மாற்றப்பட்டுவிட்டது. வெளியாளிடம் கடன் வாங்கி கிளப் தலையில் கட்டவில்லை. இதை மறைத்துவிட்டுத் திட்டுவது நியாயமில்லை.

மாயூரம்_இடது_பின் | 3.6.2025
வாங்குன மறுமாசமே, டிசம்பர் 13, மேலாளர் சாம் அலர்டைஸ வீட்டுக்கு அனுப்புனாங்க. அணி அப்ப நடு இடத்துல நல்லாத்தான் இருந்துச்சு. வந்தவரு ஸ்டீவ் கீன், அதுவரைக்கும் பயிற்சிக் குழுவுல இருந்தவரு, தலைமைப் பொறுப்புல அனுபவம் கிடையாது. 2011 கோடைல ஆட்டக்காரர் ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட் போயாச்சு. 2012 பிப்ரவரில சம்பா ரஷ்யாவுக்கு. மே 7, விகன் கூட ஹோம் மேட்ச், 0-1, கீழ இறங்கியாச்சு. அன்னிக்கு ரோவர்ஸ் கொடி போத்துன ஒரு கோழிய மைதானத்துக்குள்ள விட்டாங்களே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? 200 மில்லியன வச்சுக்கிட்டு என்ன பண்றது?

தஞ்சை_யுனைடெட் | 4.6.2025
வேற கிளப் ஆளு உள்ள வரேன், மன்னிக்கணும். கிளேசர் குடும்பம் 2005-ல எங்க கிளப் மான்செஸ்டர் யுனைடெட்ட 790 மில்லியனுக்கு வாங்குச்சு. அதுல 500 மில்லியனுக்கு மேல கடன், அந்தக் கடன் கிளப் மேலயே ஏறுச்சு. அதுக்கப்புறம் வட்டியும் கிளப்தான் கட்டுச்சு, டிவிடெண்டும் கிளப்தான் குடுத்துச்சு. உங்க ஓனரு உள்ள போட்டாரு, எங்க ஓனரு உள்ளேருந்து எடுத்தாரு. நான்லாம் உங்களப் பாத்துப் பொறாமப்படணும் போல.

குடந்தை_ரோவர் | 4.6.2025
தஞ்சை சொல்வது முக்கியம். ஆனால் யுனைடெட்டின் டிக்கெட், டிவி, விளம்பர வருமானம் அந்த வட்டியைத் தாங்கியது. ரோவர்ஸ் போன்ற ஊர் கிளப்புக்கு அந்தச் சுமை வந்திருந்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது. வெங்கீஸைப் பணத்தில் வைத்து எடை போட்டால் தேறுவார்கள். மாயூரம் சொன்ன பட்டியல் முழுக்க நிர்வாகத் தவறு. அதில் தேறமாட்டார்கள்.

2012-13 சீசனை மட்டும் எடுத்துப் பாருங்கள். செப்டம்பரில் கீன் விலகினார். ஹென்னிங் பெர்க் வந்து 57 நாள். மைக்கேல் ஆப்பிள்டன் வந்து 67 நாள். ஒவ்வொருவரும் போகும்போது ஒப்பந்த மீதிக்கு இழப்பீடு. ஒரு மேலாளர் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர் அடுத்த மேலாளர் திட்டத்தில் இல்லை. சம்பளம் மட்டும் ஒப்பந்தம் முடியும்வரை போய்க்கொண்டிருக்கும். 8 மில்லியன் போட்டு ஜோர்டன் ரோட்ஸை வாங்கியதும் அதே ஆண்டுதான். கோல் அடித்தார், அவர் மேல் குறையே இல்லை. அவரைச் சுற்றி அணி கட்ட ஆள் நிலைக்கவில்லை. 2014 டிசம்பரில் நிதி விதி மீறியதாக டிரான்ஸ்ஃபர் தடையும் (ஆட்டக்காரர் வாங்கத் தடை) வந்தது. காசு இல்லாமல் வந்த தடை அல்ல அது, காசு தப்பான இடத்தில் போனதால் வந்தது.

காரைக்கால்_கீப்பர் | 5.6.2025
ஒண்ணு விட்டுட்டீங்க. 2017-ல கோல் வித்தியாசத்துல மூணாவது அடுக்கான லீக் ஒன்னுக்கு இறங்குனப்ப நிறைய ஓனரு கைய விட்டுட்டுப் போயிருப்பாங்க. இவங்க டோனி மௌப்ரேய வச்சுக்கிட்டாங்க, மறுவருஷமே மேல ஏறியாச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே மேலாளர். சின்னப் பசங்களுக்குப் பயிற்சி தர்ற அகாடமி இன்னிக்கும் முதல் பிரிவு. சாம்பியன்ஷிப்ல எத்தன கிளப்புக்கு அது இருக்கு?

திருவாரூர்_9 | 5.6.2025
முதல் பிரிவு அகாடமின்னா என்ன லாபம்ணே? செலவுதானே?

குடந்தை_ரோவர் | 5.6.2025
செலவுதான் தம்பி. ஆனால் நிதி விதியில் அகாடமிச் செலவு நஷ்டக் கணக்கில் சேராது. மகளிர் அணி, சமூகப் பணி, மைதானக் கட்டுமானமும் சேராது.

லாபம் எங்கே என்றால், வெளியே 10 மில்லியனுக்கு வாங்கிய ஆட்டக்காரருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 2 மில்லியன் செலவாக எழுதுவார்கள். மூன்று வருடம் கழித்து புத்தகத்தில் அவர் மதிப்பு 4 மில்லியன். 9-க்கு விற்றால் லாபம் 5 மட்டும். அகாடமிப் பையனுக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். விற்ற தொகை அப்படியே லாபம். ஆறு வயதில் சேர்ந்த ஆடம் வார்ட்டனை 2024 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸ் முதல் தவணையாக 18 மில்லியனுக்கு வாங்கியபோது அது முழுவதும் கணக்கில் ஏறியது. அந்த ஒரு விற்பனை அந்த ஆண்டுக்குத் தலைவலியைத் தீர்த்தது.

ஆனால் ஏன் விற்க வேண்டி வந்தது என்பதுதான் கேள்வி. அதை நாளை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

குடந்தை_ரோவர் | 6.6.2025
சாம்பியன்ஷிப் நஷ்ட விதி இப்படி. மூன்று சீசன் சேர்த்து 15 மில்லியன் நஷ்டம் வரை கிளப்பே தாங்கலாம். அதற்கு மேல் 39 மில்லியன் வரை போகவேண்டும் என்றால், மீதியை ஓனர் பங்கு மூலதனமாகப் போட்டிருக்க வேண்டும். கடனாகக் கொடுத்தால் செல்லாது. அதாவது ஓனர் பங்கு வாங்கினால் ஆண்டுக்கு 13 வரை, இல்லாவிட்டால் 5 வரை. இந்த 8 மில்லியன் வித்தியாசம்தான் சாம்பியன்ஷிப்பில் ஒரு நடு வரிசை அணிக்கும் மேல் வரிசை அணிக்கும் உள்ள இடைவெளி.

ரோவர்ஸ் நடக்க ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் பவுண்டு இந்தியாவிலிருந்து போகவேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அமலாக்கத்துறை விசாரணை ஒன்று நடப்பதால், 2023 முதல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, வங்கி உத்தரவாதம் கட்டித்தான் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. விசாரணை என்பது தீர்ப்பு அல்ல. யாரும் இங்கே குற்றவாளி என்று எழுத வேண்டாம்.

ஆட்டத்துக்கு இதனால் என்ன ஆகிறது? ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக்கொண்டு நாற்றங்கால் போடாமல் உட்கார்ந்திருக்கும் விவசாயி நிலைதான் மேலாளருக்கு. பணம் கடைசியில் வரலாம். ஆனால் ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டில் வந்தால் நல்ல ஆட்டக்காரர் எல்லாம் வேறு கிளப் போயிருப்பார்கள், மிச்சம் இருப்பவரை அதிக விலைக்கு வாங்கவேண்டும். வார்ட்டன் போனது, அதே ஆண்டு ஆகஸ்டில் சம்மி ஸ்மோடிக்ஸ் இப்ஸ்விச் போனது, இரண்டையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்மோடிக்ஸ் அதற்கு முந்தைய சீசனில் லீக்கிலேயே அதிக கோல், 27.

மாயூரம்_இடது_பின் | 6.6.2025
நீங்க எல்லாத்துக்கும் நீதிமன்றத்த காரணம் காட்டுறீங்க. 2022-ல ரோத்வெல், லெனிஹன், நியாம்பி மூணு பேரும் ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா போனாங்க. 2023-ல பிரெரட்டன் டியாஸ் சும்மா வில்லாரியல் போனாரு. அப்பல்லாம் நீதிமன்றம் தடுத்துச்சா? நாலு பேரையும் ஒரு வருஷம் முன்னாடி வித்திருந்தா அகாடமிப் பையன விக்கவே வேண்டியதில்ல.

குடந்தை_ரோவர் | 7.6.2025
மாயூரம் சொல்வதுதான் என் வாதத்தின் மையம். ஒப்பந்தம் காலாவதியாவதுதான் ரோவர்ஸின் பெரிய ஓட்டை. இதை ஒரு கிளப் எப்படித் தடுக்கும் என்று சொல்கிறேன்.

ஒப்பந்தம் முடிய 24 மாதம் இருக்கும்போது புதுப்பிக்கப் பேச்சு தொடங்கவேண்டும். 18 மாதத்தில் பதில் வராவிட்டால் அடுத்த ஜன்னலில் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலத்தில்) விற்பனைப் பட்டியல். 12 மாதம் மட்டும் மிச்சம் என்றால் விலை பாதியாகும். கடைசி ஆறு மாதத்தில் ஆட்டக்காரர் வெளிநாட்டு கிளப்புடன் முன் ஒப்பந்தமே போடலாம், பிரெரட்டன் ஸ்பெயின் போன மாதிரி. இதையெல்லாம் செய்ய அன்றாடம் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் ரோவர்ஸின் மைதானமான ஈவுட் பார்க்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பளத்தை இரண்டாயிரம் பவுண்டு உயர்த்தலாமா என்பதற்குக்கூட புனேவுக்குக் கேள்வி போய், பதில் வாரக்கணக்கில் வராமல் இருந்தால், ஏஜெண்ட் அடுத்த கதவைத் தட்டிவிடுவார். ஓனர் குடும்பம் பல வருடமாக மைதானத்துக்கே போகவில்லை. போகாதது குற்றமில்லை, போகாதவர் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பது குற்றம்.

தஞ்சை_யுனைடெட் | 7.6.2025
வாரக்கணக்குன்னா நெசமாவா?

மாயூரம்_இடது_பின் | 7.6.2025
வாரத்த விடுங்க, நிமிஷத்துலயே கோட்ட விட்டாங்க. 2023 ஜனவரி 31, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்ல இருந்து லூயிஸ் ஓ'பிரையன் லோன், அதாவது தற்காலிகமா. காகிதம் 11 மணிக்கு அப்புறம் போய்ச் சேந்துச்சு, லீக் பதிவு பண்ண மாட்டேன்னுச்சு, மேல்முறையீடும் தோத்தாச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு ஆர்லாண்டோல இருந்து டங்கன் மெக்வயர். பையன் அமெரிக்காலேருந்து வந்து இறங்கியாச்சு. மறுபடி காகிதம். மறுபடி பதிவு இல்ல.

குடந்தை_ரோவர் | 8.6.2025
இரண்டும் ஒரே நோய். அந்த இரண்டு முறையும் குளிர்கால ஜன்னல் இங்கிலாந்து நேரம் இரவு 11-க்கு மூடியது, நமக்கு அது விடிகாலை 4:30. அதற்குள் என்னென்ன போகவேண்டும்: இரு கிளப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஆட்டக்காரரின் தனி ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனை, லீக் பதிவுப் படிவம். வெளிநாட்டிலிருந்து என்றால் கூடவே ஃபிஃபாவின் கணினி முறையில் இரு பக்கமும் ஒரே விவரம் ஏற்றி, சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வாங்கி, வேலை அனுமதிக்கான ஒப்புதலும் வேண்டும். ஒரு எண் இரு பக்கமும் பொருந்தவில்லை என்றால் முறை நின்றுவிடும்.

காகிதம் எழுதும் ஆள் மெத்தனம் என்று மட்டும் சொல்லமாட்டேன். பணத்துக்கான ஒப்புதல் கடைசி நாள் மாலை வரைக்கும் வராவிட்டால், வாங்குவதை லோனாக மாற்று, லோனில் வாங்கும் கட்டாயத்தைச் சேர் என்று ஒப்பந்தமே கடைசி மணியில் மாறும். ஒப்பந்தம் மாறினால் எல்லாப் படிவமும் மாறவேண்டும். மேலே தாமதம், கீழே அவசரம், அவசரத்தில் பிழை.

காரைக்கால்_கீப்பர் | 14.6.2025
வாக்கர் காலத்த ஒப்பிடாம இந்தப் பேச்சு முடியாது. ஜாக் வாக்கர் அந்த ஊரு ஆளு, இரும்பு வியாபாரம். 1991-ல கிளப்ப எடுத்தாரு. மேலாளரா டால்கிளிஷ கூட்டியாந்தாரு, கோல் அடிக்க ஷியரர வாங்குனாரு, 1994-95 சாம்பியன். அவரும் நஷ்டத்துலதான் நடத்துனாரு. ஆனா 1999-ல அவரு இருக்கும்போதே கிளப் கீழ இறங்குச்சு. அவர யாரும் கெட்டவருன்னு சொல்லல.

குடந்தை_ரோவர் | 14.6.2025
காரணம், ஒவ்வொரு முடிவையும் அவர் எடுத்ததும் யார் எடுத்தார் என்பதும் ஊருக்குத் தெரியும். இறங்கினாலும் பதில் சொல்ல ஆள் இருந்தது.

திருவாரூர்_9 | 20.6.2025
நம்ம மேலாளர் ஜான் யூஸ்டஸ் பிப்ரவரில டெர்பிக்குப் போனாரே. நாம பிளேஆஃப் வட்டத்துல இருந்தோம், அவங்க கீழ இறங்குற இடத்துல இருந்தாங்க. மேல இருக்கற அணிய விட்டுட்டு கீழ போற மேலாளர் உண்டா?

மாயூரம்_இடது_பின் | 20.6.2025
அதான் தீர்ப்பு தம்பி. உள்ள இருந்து பாத்தவரு குடுத்த தீர்ப்பு.

குடந்தை_ரோவர் | 21.6.2025
தீர்ப்பு என்று சொல்லும் அளவுக்கு நான் போகவில்லை. டெர்பி அவருடைய பழைய கிளப், ஒப்பந்தக் காலமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஜனவரி ஜன்னலில் அணியைப் பலப்படுத்தியிருந்தால் அவர் போவதற்குக் காரணம் குறைந்திருக்கும். அந்த இரண்டு பாயிண்ட் எங்கே போனது என்று தேடுபவர்கள் அங்கே தேடலாம்.

இன்னொன்று, மகளிர் அணி. இரண்டாம் அடுக்கு மகளிர் லீக் கேட்கும் வசதிகளுக்குப் பணம் தரமுடியாது என்று இந்த ஆண்டு அந்த அணியை லீக்கிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். மகளிர் அணிச் செலவு நஷ்ட விதியில் சேராது என்று மேலே எழுதினேன். விதி தடுக்காத செலவு அது. அதைக்கூட வெட்டினார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம். பல வருடம் உழைத்து மேலே வந்த பெண்கள் ஒரு அறிவிப்பில் கீழே போனார்கள்.

காரைக்கால்_கீப்பர் | 21.6.2025
இதுல நான் உங்க பக்கம். இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

தஞ்சை_யுனைடெட் | 22.7.2025
நேத்து இங்கிலாந்துல கால்பந்து ஆட்சிச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைச்சாச்சு. தனி ஒழுங்குமுறை அமைப்பு வருது. ஓனரோட பணம் எங்கிருந்து வருது, கிளப்ப நடத்த முடியுமான்னு அவங்க பாப்பாங்களாம். உங்களுக்கு நல்லதா கெட்டதா?

குடந்தை_ரோவர் | 23.7.2025
நல்லது. ஷெஃபீல்ட் வென்ஸ்டேயைப் பாருங்கள். தாய்லாந்து ஓனர் சன்சிரி 2015-ல் வாங்கினார், செலவு செய்தார், விதிக்குள் அடங்க ஹில்ஸ்பரோ மைதானத்தையே தனக்குத் தானே 60 மில்லியனுக்கு விற்றார். அப்படியும் புள்ளிக் குறைப்பு, 2021-ல் இறக்கம். இந்தக் கோடையில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நேரத்துக்குப் போகவில்லை. நம் ஆட்களும் பயிற்சி மைதானத்தை ஓனரின் நிறுவனத்துக்கே மாற்றிக் கணக்கைச் சரிசெய்தார்கள். அதனால் இந்த விஷயத்தில் மார்தட்ட வேண்டாம். ஒரே ஓனர் தலையாட்டினால்தான் அடுத்த மாதச் சம்பளம் என்ற நிலையில் இருக்கும் எல்லா கிளப்பும் ஒரே ஆபத்தில்தான் இருக்கிறது.

மாயூரம்_இடது_பின் | 7.8.2025
நம்ம பக்கம் பாருங்க. ஐஎஸ்எல் (இந்திய சூப்பர் லீக்) நடக்குமான்னு தெரியாம சென்னையின் எஃப்சி நேத்து செயல்பாட்ட நிறுத்தி வச்சிருக்கு. பெங்களூரு முன்னாடியே சம்பளத்த நிறுத்துச்சு. இங்கயும் ஓனரத்தான் திட்டுறாங்க.

திருவாரூர்_9 | 7.8.2025
மேலாளர் ஓவன் கோயில் ரெண்டு இடத்துலயும் இருந்தாருல்ல? ரோவர்ஸ்ல 2017 பிப்ரவரி வரைக்கும், அப்புறம் சென்னையின்ல வந்து 2019-20 இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டு போனாரு. அங்க தோத்தவரு இங்க எப்படி ஜெயிச்சாரு?

குடந்தை_ரோவர் | 8.8.2025
கோவாவில் நடந்த இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1-3 தோல்வி. ஆனாலும் கீழே கிடந்த அணியை நடுவில் எடுத்து அங்கே கொண்டுபோனது பெரிய வேலை. மேலாளர் ஒருவரே, நிலைமைதான் வேறு. சென்னையில் அவருக்குக் கையில் இருந்த அணியை அவர் விருப்பப்படி ஆடவிட்டார்கள்.

சென்னையின் ஓனர்களை வெங்கீஸோடு சேர்க்காதீர்கள் மாயூரம். அங்கே லீக்கின் உரிமை ஒப்பந்தமே டிசம்பரில் முடிகிறது, புதுப்பிப்பு இல்லை. போட்டி எப்போது, டிவி வருமானம் யாருக்கு என்று தெரியாமல் சம்பள ஒப்பந்தம் போடச் சொன்னால் எந்த ஓனரும் தயங்குவார். பிளாக்பர்னில் லீக் ஒழுங்காக நடக்கிறது, தயக்கம் வீட்டுக்குள்.

காரைக்கால்_கீப்பர் | 18.8.2025
லங்காஷயர்லயே இன்னொரு கிளப், மோர்கேம். ஜூலை 28 லீக்லேருந்து இடைநீக்கம், கிளப்பே மூடப்போறாங்கன்னு பேச்சு. நேத்து பஞ்சாப் வாரியர்ஸ் குழு வாங்கிருச்சு. வெங்கீஸ் வேணாம்னு சொல்றவங்க, அடுத்து யாரு வருவாங்கன்னும் சொல்லணும். பெரி கிளப்ப 2018 டிசம்பர்ல ஒரு பவுண்டுக்கு ஒருத்தர் வாங்குனாரு, 2019 ஆகஸ்ட்ல லீக்கே வெளிய தள்ளிருச்சு.

மாயூரம்_இடது_பின் | 18.8.2025
அதுவும் நியாயந்தான். விக்கணும்னு சொல்றத விட, விக்கற வரைக்கும் ஒழுங்கா நடத்தணும்னு கேக்கலாம்.

திருவாரூர்_9 | 24.8.2025
அண்ணே, பணம் வருதா இல்லையான்னு நாமளே இங்க உக்காந்து பாக்க முடியுமா? பத்திரிகைச் செய்தி ஆளுக்கு ஒண்ணு சொல்லுது.

குடந்தை_ரோவர் | 24.8.2025
முடியும், காசும் செலவில்லை. இங்கிலாந்து அரசின் கம்பெனிப் பதிவேடு, கம்பெனீஸ் ஹவுஸ் தளத்துக்குப் போ. தேடும் பெட்டியில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஃபுட்பால் அண்ட் அத்லெட்டிக் என்று போடு. தாய் நிறுவனம் வெங்கீஸ் லண்டன் லிமிடெட், அதையும் தனியாகத் திற. தாக்கல் வரலாறு என்ற பகுதியில் தேதிவாரியாக எல்லாப் படிவமும் இருக்கும்.

எஸ்எச்01 என்று இருந்தால் புதுப் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளே எத்தனை பங்கு, ஒரு பங்கு என்ன விலை, பணமாகக் கட்டினார்களா பழைய கடனைப் பங்காக மாற்றினார்களா என்று எழுதியிருக்கும். கடனை மாற்றியது என்றால் கையில் புதுப் பணம் வரவில்லை, கணக்கு மட்டும் சுத்தமாகிறது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எம்ஆர்01 இருந்தால் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள், அது எச்சரிக்கை. எம்ஆர்04 அந்தக் கடன் தீர்ந்ததற்கு.

ஆண்டறிக்கை ஜூன் 30 வரைக்குமான கணக்கு, ஆனால் பல மாதம் கழித்துத்தான் வரும். அதில் முதல் பக்கத்து லாப நஷ்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதே. தொடர்ந்து இயங்கும் நிறுவனமா என்ற குறிப்பைப் படி. அடுத்த 12 மாதத்துக்கு ஓனர் பணம் தருவதாகச் சொன்ன உறுதியும், அதில் என்ன சந்தேகம் என்று தணிக்கையாளர் சொன்னதும் அங்கேதான் இருக்கும். அதன்பின் ஓராண்டுக்கு மேற்பட்ட கடன் யாருக்கு என்ற குறிப்பு.

தஞ்சை_யுனைடெட் | 24.8.2025
இத எங்க கிளப்புக்கும் போட்டுப் பாக்கப் போறேன். எங்களோடது நியூயார்க் பங்குச் சந்தைல இருக்கறதால காலாண்டுக் கணக்கே வெளிய வந்துடுது, அது ஒரு வசதி.

திருவாரூர்_9 | 25.8.2025
பாத்தேன். படிவம் எல்லாம் வரிசையா இருக்கு. ஒரு எஸ்எச்01 தேதிக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருந்தா பயப்படணும்?

குடந்தை_ரோவர் | 25.8.2025
இடைவெளியை மட்டும் பார்க்காதே. கோடை ஜன்னல் செப்டம்பர் 1 மூடுகிறது, இங்கிலாந்தில் மாலை 7, நமக்கு இரவு 11:30. அதற்கு முன், இந்தக் கோடையில் போன டிராவிஸ், ஹயம், பிரிட்டன் போன்ற ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக யார் வந்தார்கள், எத்தனை வருட ஒப்பந்தம், கட்டணமா லோனா என்று ஒரு தாளில் குறித்துவை. டோலனும் சும்மாதான் போனார், அவரையும் சேர்த்துக்கொள். 2027-ல் ஒப்பந்தம் முடிபவர்கள் யார் என்று இன்னொரு பத்தி. வரும் ஜனவரிக்குள் அந்தப் பத்தியில் இருக்கும் பெயர்களில் எத்தனை பேர் புதுக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார். படிவம் பணத்தைக் காட்டும், அந்தப் பத்தி நிர்வாகத்தைக் காட்டும். பிப்ரவரியில் இங்கே இரண்டையும் போடு, அப்போது பேசுவோம்.